கும்பிட்டதற்குக் கிடைத்த மஞ்சள் அட்டை

மூன்று வருஷம் இருக்கும். போர்ச்சுகல் நாட்டின் வடக்கே, மலைச்சரிவில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. திருப்பூருக்குப் பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்த என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தது. உலகத்தில் எங்கே போனாலும் நமக்கு வாய்ப்பது பனியன் கம்பெனிதான் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே நானும் கூடக் கிளம்பினேன். அந்தச் சிரிப்பு விமான நிலையத்தோடு சரி.

எனக்கு அங்கே ஒன்றுமே புரியவில்லை. மதியம் கடைக்குப் போனால் பூட்டிக்கிடக்கும். பெண்கள் பார்த்துக்கொண்டால் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம் கொடுப்பார்கள். எந்தக் கன்னம் முதலில் என்று தெரியாமல் நான் ஒருவர் மூக்கில் இடித்து, அவர் கண்ணாடி கீழே விழுந்தது. அதற்குப் பிறகு யாராவது எதிரில் வந்தாலே சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் நின்றால், "எந்தூருங்க, யாரூட்டுப் புள்ளைங்க?" என்று கேட்க நாலு பேர் வருவார்கள். இங்கே மாதக்கணக்காக என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நான் கால்பந்து ஆடியவள். டிஃபென்ஸ். கல்யாணத்தோடு அதெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் இதைக் கம்பெனியில் பெருமையாகச் சொல்லிவைக்க, தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர் அம்மா ஒருநாள் சாயங்காலம் எங்கள் கதவைத் தட்டினார். உள்ளூர்ப் பெண்கள் அணிக்கு அவர்தான் கேப்டன். பனியன் வாங்க வரும் வெளிநாட்டு பையர்களோடு பேசிப் பழகியதில் அவருக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். எனக்கும் அதே ஓரளவுதான். ஒரு ஜோடி பூட்ஸை என் கையில் திணித்து, பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

பேக்கரியில் வேலை செய்கிறவர், டீச்சர், தையல்காரர்கள் என்று எல்லோரும் வேலைக்குப் போகிற பெண்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் அணிகளோடு மேட்ச். கோச் ஒரு மீன் கடைக்காரர். அவர் கத்துவதைப் பார்த்தால் சண்டை என்று நினைப்போம். அப்புறம் பார்த்தால் பாராட்டியிருப்பார். என்னைப் பார்த்து அவர் கத்தியதில் மட்டும் பாராட்டு எதுவும் இல்லை. யாராவது பந்தோடு வந்தால் நான் பாட்டுக்கு ஒதுங்கி வழி விட்டுவிடுவேன். ஒருநாள் கேப்டன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். "நீ விருந்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறுகிற மாதிரி பந்தைக் கொடுக்கிறாயாம். அடுத்த மேட்ச்சிலும் இப்படியே ஆடினால், அதற்கப்புறம் வர வேண்டாமாம்."

எனக்குப் பக்கென்றது. அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த மைதானம் ஒன்றுதான். அங்கே மட்டும்தான் நாலு பேர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதுவும் போனால் மறுபடி ஜன்னலும் நானும்தான்.

அந்த ஞாயிறு பாதி ஆட்டத்துக்கு மேல் என்னை இறக்கினார்கள். எதிரணியில் செம்பட்டை முடியைச் சடையாகப் போட்டிருந்த பெண் ஒருத்தி காற்றாகப் பறந்துகொண்டிருந்தாள். அவள் என் பக்கம் வந்தபோது, ஆனது ஆகட்டும் என்று முழு பலத்தோடு காலை வீசினேன். பந்து வெளியே போனது. கூடவே என் பூட்ஸ் அவள் முழங்காலுக்குக் கீழே பலமாகப் பட்டு, அவள் சுருண்டு விழுந்தாள்.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. குனிந்தேன், அவள் காலைத் தொட்டேன், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். நம் ஊரில் ஒருவர் மேல் கால் பட்டால் வேறென்ன செய்வோம்? பள்ளிக்கூட மேட்ச்சில் நாங்கள் எல்லோரும் ஓடிக்கொண்டே இப்படித்தான் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வோம். "கும்புடறதெல்லாம் மேட்ச் முடிஞ்சு வெச்சுக்கங்க கண்ணுகளா" என்று பி.டி. சார் தலையில் அடித்துக்கொள்வார்.

இந்தப் பெண்ணுக்கு முகம் குப்பென்று சிவந்தது. எழுந்து வந்து என்னை இரண்டு கையாலும் தள்ளினாள். நடுவர் ஓடிவந்து இரண்டு பேருக்கும் மஞ்சள் அட்டை காட்டினார். அவளுக்குக் காட்டியது சரி, தள்ளினாள். கும்பிட்ட எனக்கு எதற்கு? திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கிறேன், எங்கள் அணியினர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடுகிறார்கள். மீன் கடைக்காரர் கோட்டுக்கு வெளியே நின்று விழுந்து விழுந்து சிரிக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பெண் கோபத்தில் கண்டபடி ஆட, நாங்கள் ஜெயித்தோம். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து வந்த வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அம்மிணி, நீ அந்தப் புள்ளைய அழுமூஞ்சின்னு கிண்டல் பண்ணுனயாமா? கேன்டீன்ல பூரா இதே பேச்சு!"

"ஏனுங்க, நான் தொட்டுக் கும்புட்டனுங்க!"

"அவங்களுக்கு என்ன தெரியும்? கீழ உழுந்தவகிட்டக் குனிஞ்சு ரெண்டு கண்ணையும் தொடச்சுக் காட்டுனா, 'அழுவு, அழுவு'ன்னுதான் அர்த்தமாமா."

தூக்கிவாரிப்போட்டது. ஊரில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னால், அவர் என்னைவிடக் குழம்பினார். "கால் பட்டாக் கும்புடாம வேற என்ன கண்ணு பண்றது? கும்புட்டதுக்கா அந்தப் புள்ளைக்கு அத்தன கோவம்?" என்று திருப்பித் திருப்பி அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

இதில் கூத்து என்னவென்றால், அன்றிலிருந்து அந்த ஊருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. பேக்கரிக்காரர் என்னைக் கண்டால் இரண்டு கண்ணையும் கசக்கிக் காட்டிச் சிரிப்பார். கோச் அடுத்த மேட்ச்சுக்கு ஆரம்பத்திலிருந்தே ஆடுகிறவர்களில் என்னைச் சேர்த்துவிட்டார். இத்தனை நாள் பயந்த சாதுவாக இருந்தபோது திரும்பிப் பார்க்காதவர்கள், நான் பொல்லாதவள் என்று நினைத்ததும் தோளில் கை போட்டார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது. "சும்மா உடு அம்மிணி, எடம் கெடச்சுதல்ல" என்றார் வீட்டுக்காரர். விட்டுவிடத்தான் பார்த்தேன்.

அந்த வாரமே அவருக்குச் சளியும் காய்ச்சலும். மருந்துக் கடைக்குப் போனால், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டும் செம்பட்டைச் சடையுமாக நிற்பது அவளேதான்! பக்கத்து ஊரிலிருந்து இங்கேதான் வேலைக்கு வருகிறாள் போலிருக்கிறது. என் முகத்தைப் பார்க்காமல் மாத்திரைப் பெட்டியைத் தேடினாள். இதுதான் சமயம் என்று, எனக்குத் தெரிந்த மன்னிப்பு வார்த்தையைச் சொன்னேன். "டெஸ்குல்பா." அவள் நிமிர்ந்தாள். மனதார மன்னிப்புக் கேட்கும்போது நம் கை சும்மா இருக்குமா? அது பாட்டுக்கு எழுந்து கண்ணுக்குப் போய்விட்டது.

அவள் மாத்திரைப் பெட்டியைத் தொப்பென்று வைத்தாள். நான் மருந்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஓடிவந்துவிட்டேன். வீடு வரைக்கும் அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தது. மன்னிப்புக் கேட்க என் உடம்புக்குத் தெரிந்த ஒரே வழி அது. அதுவே அவளுக்கு வசவாக இருந்தால் நான் என்னதான் செய்வது?

அடுத்த பயிற்சியில் கேப்டனிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஆங்கிலம் பாதியில் காலை வாரியது. சொல்வதைவிடச் செய்து காட்டுவது சுலபம் என்று, அவர் பூட்ஸை லேசாக மிதித்து, குனிந்து தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "மனுஷருக்குள்ளே கடவுள். கால் பட்டால் கடவுளிடம் மன்னிப்பு" என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் சொல்லிமுடித்தேன். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். கோச் தலையைச் சொறிந்துகொண்டு என்னவோ கேட்டார். "மைதானம் பூரா கடவுளாக இருந்தால் இவள் யாரைத்தான் தடுப்பாள்?" என்று கேட்டாராம்.

அந்த ஞாயிறு என்னை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். நான் சொன்ன உண்மைக்காகவா, இல்லை முறை வைத்து வேறொருத்திக்குக் கொடுத்த வாய்ப்பா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். பேசாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று உட்கார்ந்த இடத்தில் வெந்துகொண்டிருந்தேன்.

கேப்டன் அதோடு விடவில்லை. மறுநாள் என்னை அந்த மருந்துக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கக் கட்டிக்கொண்டு நின்றேன். கேப்டன் நீளமாக என்னவோ விளக்கினார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டினாள். அடிபட்ட இடம் இன்னும் வீங்கி, மஞ்சளும் பச்சையும் கருநீலமுமாகக் கன்றிப்போயிருந்தது. அவள் ஒன்று கேட்டாள். கேப்டன் என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இந்தக் காலில் கடவுள் இருக்கிறார் என்றால், ஏன் இவ்வளவு பலமாக உதைத்தாய் என்று கேட்கிறாள்."

கிண்டலாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா? அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை நாளும் என் கும்பிடு தப்பாகப் போய்விட்டதே, என் இடம் என்னாகுமோ என்று என்னைப் பற்றியேதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. கண்ணில் ஒற்றியதோடு என் கணக்கு தீர்ந்துவிட்டதாக நினைத்திருக்கிறேன்.

'வலிக்கிறதா' என்பதற்கு இவர்கள் மொழியில் என்ன வார்த்தை என்று கேப்டனிடம் மெதுவாகக் கேட்டேன். சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண்ணிடம் திரும்பி, "டோய்?" என்றேன். அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கி, 'கொஞ்சம்' என்று காட்டினாள். பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போய், அன்றைக்கு நான் விட்டுவிட்டு ஓடிய மாத்திரைப் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவள் என்னை மன்னித்தாளா இல்லையா என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்பதுதான் பதில்.

அந்த சீசன் முழுக்கப் பாதி பெஞ்சிலும் பாதி மைதானத்திலுமாக ஓடியது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. என் கால் யார் மேலாவது பட்டால், கையை மடக்கிக்கொண்டு அந்த ஒரு வார்த்தையைக் கேட்பேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள். ஒருத்தி, ஆமாம் ரொம்ப வலிக்கிறது என்று சொல்லி என் தோளைப் பிடித்துக்கொண்டே நொண்டி வந்தாள்.

இப்போது திருப்பூருக்கே திரும்பிவிட்டோம். பல்லடம் பஸ்ஸில் கம்பெனி விடும் நேரத்தில் ஏறினால் கால் மிதிபடாமல் இறங்க முடியாது. என் கால் பட்டதும், கை எழுவதற்கு முன்னால், "வலிக்குதுங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். இப்படிக் கேட்டு இங்கே யாருக்கும் பழக்கமில்லை. சட்டென்று என்ன சொல்வதென்று தெரியாமல் விழிக்கிறார்கள். போன வாரம் பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்த ஒரு வடநாட்டுப் பெண்ணிடம் தமிழில்தான் கேட்டேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, விரலை நெருக்கிக் 'கொஞ்சம்' என்று காட்டினாள். நகர்ந்து அவளுக்கு நிற்க இடம் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்வதை நான் இன்னும் விடவில்லை, ஆனால் அது என் மனசு ஆறுவதற்கு, கேட்பதுதான் அடிபட்டவருக்கு என்பது மட்டும் அத்தனை குழப்பத்துக்கும் நடுவில் எனக்குப் புரிந்திருக்கிறது.