சங்கராவின் சர்க்கார் விலை

மாதா மாதம் விலை கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்புவது என் உத்தியோகம். பணவீக்கத்தைக் கணக்கிடுவதற்காக விலை சேகரிக்கும் ஒப்பந்த ஊழியன் நான். அதே கடை, அதே சாமான், அதே அளவு. போன மாதத்துக்கு இந்த மாதம் என்ன விலை என்று டேப்லெட்டில் பதிய வேண்டும். புதுச்சேரியில் பாதிக் கடைக்காரர்கள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். போணி ஆகாத நேரத்தில் வந்து நிற்கிறவனை யார் உபசரிப்பார்கள்.

மீனுக்கு என் பட்டியலில் இருந்தவர் பெரிய மார்க்கெட்டில் கூடை வைக்கும் வீராம்பட்டினத்து அக்கா. நடுத்தர சங்கரா, ஒரு கிலோ. ஒருநாள் அவர் செதில் சுரண்டிக்கொண்டே கேட்டார், "வாங்கவும் மாட்ற, வுடாம வெலையும் கேக்குற. எதுக்குப்பா இது?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நாங்க எழுதுற வெலையெல்லாம் சேத்து மும்பைல இருக்குற பெரிய பேங்குல பாப்பாங்கக்கா. வெல ஏறுனா வட்டிய ஏத்துவாங்க, அடங்குனா எறக்குவாங்க" என்று பீற்றிக்கொண்டேன். அந்த வரிசையில் கூடை வைத்திருந்த பெண்கள் எல்லோரும் ஒரே மகளிர் குழுவில் கடன் எடுத்தவர்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் சங்கரா விலை பாதியாகியிருந்தது. பக்கத்துக் கூடையில் கேட்டேன், அங்கேயும் அதே விலை. மீன் நிறைய விழுந்திருக்கிறது போல என்று பதிந்துகொண்டேன். அதற்கும் அடுத்த மாதம், நான் விலை கேட்டது காதில் விழுந்த ஒரு அம்மாள், அதே விலைக்கு இரண்டு கிலோ போடச் சொல்லிப் பையை நீட்டினார்.

"அது சர்க்காருக்குச் சொல்ற வெலம்மா. ஒனக்கு நானூறு" என்றார் அக்கா.

வட்டி இறங்கட்டும் என்று வரிசையே எனக்குப் பாதி விலை சொல்லிவந்தது அப்போதுதான் புரிந்தது. அதற்குள் அலுவலகத்தில் மேலதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் வீட்டில் உட்கார்ந்தபடியே விலை எழுதுகிறேனாம். நாளைக்கு அவரே வந்து மீன் வாங்கிப் பார்ப்பாராம், கணக்கு உதைத்தால் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதாம். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"வரட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

அதிகாரி வந்தார், விலை கேட்டார். "எரநூறு சார்." இரண்டு கிலோ வாங்கினார். சுற்றி நின்றவர்களுக்கும் காது இருக்கிறதே. அதிகாரியின் எதிரில் இது சர்க்கார் விலை, உங்களுக்கு வேறு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வரிசை முழுக்கக் கூட்டம் மொய்த்தது, அரைமணி நேரத்தில் எல்லாக் கூடைகளும் காலி. அன்று ஒரு காலை மட்டும் நான் எழுதிய விலை அப்பட்டமான உண்மை. அதிகாரி திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா கூடையைக் கழுவிக் கவிழ்த்தார். "போனா போவுது. வட்டி எறங்குனா எல்லாம் சரியாப்பூடும்."

எனக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதன்பிறகு கெஞ்சிக் கூத்தாடி உண்மை விலையை வாங்கிப் பதிந்தேன். சில மாதங்களில் வட்டி நிஜமாகவே இறங்கியது. நாட்டில் இருக்கிற அத்தனை சந்தைகளுக்கு நடுவில் எங்கள் சங்கரா எந்த மூலை? ஆனால் உழவர்கரையில் நான் வாங்கிய வீட்டுக்கடனுக்குத் தவணை குறைந்ததாக போனில் செய்தி வந்தது.

அந்த மாதம் போனபோது அக்கா எனக்கு டீ சொன்னார். "எறக்கிட்டோம் பாத்தியா" என்றார். வரிசையே சிரித்தது. "எங்க குழுவுக்கு எப்பப்பா எறங்கும்?"

அவர்கள் கடனுக்கு நிலையான வட்டி. மும்பையில் எது இறங்கினாலும் அது அசையாது. அதற்குள் விசாரித்து வைத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

"வரும்க்கா" என்றேன். டீயைக் குடித்துவிட்டு, முதன்முதலாக அவரிடம் ஒரு கிலோ சங்கரா கேட்டு, நானூறை நீட்டினேன்.

இருநூறைத் திருப்பி என் சட்டைப் பையில் திணித்தார். "ஒனக்கு என்னிக்கும் சர்க்கார் வெலதான்" என்றார்.