கொச்சிந்தாவின் இடது கால்

நகராட்சி அச்சிட்ட சிறு நூலில் தொகேஷி செய்கோவுக்கு ஒரு வரி கிடைத்திருக்கிறது: "புதிய கராத்தே பாணியின் தந்தை, இரும்பு நெஞ்சர், எவருக்கும் தலைவணங்காதவர்."

இதோமான் என்ற கடலோர ஊரில் அவரிடம் டோஃபு என்ற சோயாக்கட்டி வாங்கியவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். வாங்க வந்தவருக்கும் குனிவார், வாங்காமல் போனவருக்கும் குனிவார். புதுமையோ அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு பழைய காலடியை மாறாமல் வைத்துக்கொள்ளத்தான் மனிதர் அத்தனை பாடும் பட்டார்.

காலடி அவருடைய குரு கொச்சிந்தாவுடையது. மீன்படகிலிருந்து விழுந்து இடது முழங்கால் போனவர். கட்டா என்று தனியே ஆடிக்காட்டும் அடிவரிசையில், ஏழாவது திருப்பத்தில், அந்தக் கால் கொஞ்சம் இழுக்கும். இளம் செய்கோ பக்தி முற்றி அதையும் சேர்த்தே ஆடினார். குரு மூங்கிலால் கெண்டைக்காலில் வைத்தார் ஒன்று.

"நான் சொல்றதைச் செய்யிடா, நான் செய்றதைச் செய்யாதே! நொண்டியையுமா கத்துக்குவே?"

அன்றோடு செய்கோ திருந்திவிட்டார்.

1945 போரில் தெற்குக் கரையில் குண்டு மழை. குருவும் போனார், அவர் மனைவியும் போனாள். வீடு எரிந்தது, இருந்த ஒரே புகைப்படமும் எரிந்தது. மூன்று வயது மகள் தோமி மட்டும் அத்தையின் முதுகில் தப்பினாள். எலும்பு கிடைக்காத வீட்டார் எல்லோரும் செய்ததையே அத்தையும் செய்தாள். அண்ணன் கடைசியாக நின்ற இடத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி, கலயத்தில் இட்டு, குடும்பக் கல்லறையில் வைத்தாள்.

எட்டு வருடம் கழித்து, டோஃபு கொட்டகைக்குப் பின்னால் செய்கோ பள்ளி தொடங்கினார். ஏழாவது திருப்பத்தில் காலை இழுத்தார். மாணவர்களும் இழுத்தார்கள். எதிரியை ஏமாற்றும் ரகசிய உத்தி என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

மனைவி ஊத்தோவுக்கு மட்டும் விஷயம் தெரியும். "உங்க குருவுக்கு முழங்கால் போச்சு. உங்களுக்கு என்னங்க கேடு? நல்ல காலு உள்ள பதினேழு பேரை நொண்ட வைக்கிறீங்களே!"

"அவர் நடந்தது வேற எங்கயும் மிச்சமில்லியே, ஊத்தோ."

தோமி வளர்ந்தாள். பெண்பிள்ளைக்கு அடிதடிப் பள்ளியில் என்ன வேலை என்று அத்தை அவளை அந்தப் பக்கமே விட்டதில்லை. ஒரு வசந்தத்தில், முன்னோருக்குப் படைக்கும் நாளில், ஊர் வழக்கப்படி கல்லறை முன் உட்கார்ந்து எல்லோரும் சோற்றுப் பொட்டலம் பிரித்தபோது, அவள் செய்கோவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் அவங்கவங்க அப்பாகிட்ட பேசறாங்க மாமா. நான் பேசினா ஒரு கல்லுதான் கேக்குது."

அந்த வருடமே கராத்தே கூட்டமைப்பு வந்தது. அங்கீகாரம் இல்லாத பள்ளியின் கறுப்புப் பட்டை இனி வெளியே செல்லாது. அது அனுப்பிய தேர்வாளர் நல்ல மனிதர். தனியாக அழைத்துச் சொன்னார்.

"எல்லாம் பிரமாதம் மாஸ்டர். அந்த இழுப்பை மட்டும் விட்டுடுங்க. ஒரே ஒரு தடவை நேரா ஆடிக் காட்டுங்க, இப்பவே முத்திரை குத்திடறேன். பசங்களுக்காகப் பாருங்க."

செய்கோ தலையசைத்தார். பசங்களுக்காக அவரும் பார்த்தார்தான். மூத்த மாணவன் அகாரெனுக்கு ஒசாகாவில் பயிற்சியாளர் வேலை அந்த முத்திரைக்காகக் காத்திருந்தது.

பலகைத் தரையில் ஏறினார். ஆறு திருப்பம் பிசிறில்லாமல் போயின. சுவரோரம், ஊத்தோவுக்கு உதவியாக அன்று முதன்முறையாகத் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த தோமி நின்றிருந்தாள்.

ஏழாவதில் இடது கால் இழுத்தது.

தேர்வாளர் பெருமூச்சு விட்டுப் பேனாவை மூடினார்.

"அரையடி மாஸ்டர்!" அகாரென் வாசலில் நின்று கத்தினான். "அரையடிக்காக எங்களைக் கைவிட்டுட்டீங்களே!"

நொண்டி என்று சொன்னால் குருவுக்கு அவமானம், ரகசிய உத்தி என்று சொன்னால் பொய். செய்கோ குனிந்தார். மாதம் முடிவதற்குள் பதினான்கு பேர் போய்விட்டார்கள், அகாரென் முதலாவதாக.

தேர்வு நாளன்று எல்லோரும் போனபின், தட்டை வைத்துவிட்டுத் தோமி கேட்டாள். "கால் வலிக்குதா மாமா?"

"எனக்கில்லம்மா. உங்கப்பாவுக்கு. அப்படித்தான் நடப்பார்."

அவள் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். பிறகு, "இன்னொரு தடவை ஆடுங்க" என்றாள்.

அடுத்த இருபத்திரண்டு வருடம், மிஞ்சிய மூன்று பேருக்கும் பின்னால் வந்த எட்டுப் பேருக்கும், தொகேஷி செய்கோ அந்தக் கட்டாவை இடது காலை இழுத்தே கற்றுக்கொடுத்தார்.