தொமெனிகோஸ் பேருக்கும் கோதுமை

எங்கள் ஃபோதெலே கிராமத்துக்குக் காலையில் பேருந்தில் வந்து, இங்கே பிறந்ததாகச் சொல்லும் பழைய ஓவியரின் வீட்டைப் பார்த்து, என் கடையில் ஒரு காப்பி குடித்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் கிளம்பிவிடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கரிஃபாலியா வெறும் கதவு திறந்துவிடும் அம்மாள். இருபது வருடமாக அந்த வீட்டைக் கூட்டித் துடைக்கிறாள். நேரம் முடிந்து வந்தவரைக்கூட அவள் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. எனக்கோ கடை மூடும் நேரத்தில் யாராவது வந்தால் முகம் கடுகடுத்துவிடும்.

அவள்மேல் எனக்கு இருக்கும் பெரிய மரியாதைக்குக் காரணம் வேறு. இறந்தவர்களை நினைக்கும் சனிக்கிழமைகளில் நாங்கள் கோதுமையை அவித்து, சர்க்கரையும் மாதுளையும் கலந்து மாதா கோயிலுக்குக் கொண்டுபோவோம். கூடவே எங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்ச் சீட்டையும் கொடுப்போம், சாமியார் வாசிப்பார். கரிஃபாலியாவின் சீட்டில் அப்பா, அம்மா, புருஷன் பெயர்களுக்குக் கீழே தொமெனிகோஸ் என்றும் இருக்கும். நானூறு வருடத்துக்கு முன்னால் ஸ்பெயினில் செத்த ஓவியர்! பழைய சாமியார் மறுபேச்சில்லாமல் வாசித்துவிடுவார்.

போன ஜூன் மாதம் வந்த புதுச் சாமியார் அப்படியில்லை. ஓவியர் பிறந்தது இங்கே இல்லை, நகரத்தில் என்று, அவர் வந்த பிறகு வந்த முதல் நினைவுச் சனிக்கிழமைக்கு முந்தின நாள்தான் ஒரு பேருந்து வழிகாட்டி என் கடையில் உட்கார்ந்து அளந்துவிட்டுப் போயிருந்தான். சாமியாரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, கோயிலில் எல்லோரும் தட்டோடு நிற்கும்போது சீட்டை நீட்டினார்.

“யாரும்மா இந்தத் தொமெனிகோஸ்?”

“நம்ம ஓவியர், சாமி.”

“நம்ம ஊர்க்காரர்தானான்னே சந்தேகமா இருக்கு. உங்களுக்குச் சொந்தமும் இல்ல. எதுக்கு வாசிக்கணும்?”

எனக்குப் பொறுக்கவில்லை. “என் மாமா பேரை மட்டும் வாசிக்கிறீங்களே சாமி? ஊர் ஆட்டையெல்லாம் திருடித் தின்ன மனுசன் அவரு!”

எல்லோரும் சிரித்தார்கள். சாமியார் சிரிக்கவில்லை, பேனாவை எடுத்தார். கரிஃபாலியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பேரை அடிச்சிடாதீங்க சாமி. என் தம்பி பத்தொம்போது வயசுல கப்பல் ஏறினான். நாப்பத்தோரு வருசமாச்சு, ஒரு கடுதாசி இல்ல. இருக்கானா, இல்லையான்னே தெரியல. எங்கயோ செத்துக் கிடந்தா, அந்த ஊர்ல எவளாவது ஒருத்தி அவன் பேரைச் சொல்ல வேணாமா? அவளும் ‘இவன் எந்த ஊரு, எனக்கு என்ன உறவு’ன்னு கேட்டா என் தம்பி கதி என்ன?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

சாமியார் பேனாவைப் பையில் வைத்தார். அத்தனை சீட்டுகளுக்கும் முன்னால், கணீரென்று தொமெனிகோஸ் பெயரைத்தான் வாசித்தார். எல்லாம் முடிந்ததும் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி பேரையும் ஒருதடவை வாசிக்கட்டுமாம்மா?”

“ஐயோ, வேணாம் சாமி. நாளைக்கே உசுரோட வந்து நின்னான்னா, அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”