அண்டாவின் அடியில் கல்

சாயப்பட்டறையில் அவளைக் கலக்கியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சாயம் துணியில் பிடிக்கப் படிகாரத் தண்ணீர் வேண்டும். மாலையில் அண்டாவை அடுப்பில் ஏற்றி, படிகாரத்தைக் கொட்டி, துடுப்பால் கலக்கி, ஒரு பொடிகூட மிஞ்சாமல் கரைப்பது அவள் வேலை. மறுநாள் காலை அதை மொண்டு தொட்டிகளில் விளாவிக்கொள்வார்கள்.

குளிர் தொடங்கிய வாரத்தில் ஒரு காலை, அண்டாவின் அடியில் கண்ணாடிச் சில்லுபோலக் கற்கள் கிடந்தன. அன்று சாயமேற்றிய துணியெல்லாம் திட்டுத்திட்டாக வந்தது.

“ஏம்மா, பாதியிலயே போட்டுட்டுப் போயிட்டியா?” என்றார் மேஸ்திரி.

“இல்ல மேஸ்திரி. அடி தெரியுற மாதிரி தெளிவா இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்.”

“அப்ப ராத்திரி கல்லு குஞ்சு பொரிச்சுதாக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் படிகாரத்தை இடித்துப் பொடியாக்கி, தோள்பட்டை கழலும்வரை கலக்கினாள். காலையில் கற்கள் இன்னும் பெரிதாக இருந்தன. தன் கண்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. கரைந்தது திரும்பக் கல்லாகுமா என்று வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

“சர்க்கரை கரையுறத வேடிக்கை பாக்குற ஒரே பொம்பள நீதான்டி,” என்றான் புருஷன்.

விடிந்தும் சர்க்கரை கல்லாகவில்லை. குழப்பம் இரட்டிப்பானது.

“உன் கைராசி போயிடுச்சும்மா. நாளையிலேருந்து அலசுற பக்கம் போ,” என்று தீர்ப்புச் சொன்னார் மேஸ்திரி. அலசுவதென்றால் நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் நிற்க வேண்டும். அவள் பாதங்களோ ஏற்கெனவே வெடித்துக் கிடந்தன. எதிர்த்துப் பேச வழியில்லாதவள்மேல் பழியைப் போட, ராசியைவிடச் சௌகரியமான கண்டுபிடிப்பு உலகத்தில் இல்லை.

துடுப்பு, அதே பட்டறையில் வேலை செய்த அவள் நாத்தனார் கைக்குப் போனது. காலையில் கற்கள்.

“அண்ணி, என் ராசியும் உங்க ராசி பின்னாடியே போயிடுச்சா?”

எரிச்சலில் மேஸ்திரியே கலக்கினார். காலையில் கற்கள். அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கலக்கியக்கா ஈரக்காலோடு வந்து, அண்டாவின் கீழே அடுப்பை மூட்டினாள். பொருள் வீணாகக் கூடாது என்பதுதான் அவள் எண்ணம். தண்ணீர் சூடேற ஏற, கற்கள் மெலிந்து மறைந்தன. எல்லோரும் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து விழித்தார்கள்.

சூடான தண்ணீர் எவ்வளவோ படிகாரத்தைத் தாங்கும். ஆறியதும் அவ்வளவு தாங்காது. மிச்சம் கல்லாக இறங்கிவிடும். விறகை மிச்சம் பிடிக்க, இரண்டு அண்டாப் படிகாரத்தை ஒரே அண்டாவில் கரைக்கச் சொன்னவர் முதலாளி. குளிரும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை அப்படியல்ல, அவள் போட்டதைப்போலப் பல மடங்கைப் பச்சைத்தண்ணீரே தாங்கும். இதைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. தண்டனை கொடுக்க மட்டும் ஆள் இருந்தது.

“அப்ப நான் கரைச்சது கரைஞ்சதுதானே, மேஸ்திரி?”

“கரைஞ்சதுதான்போல… ஒண்ணும் புரியல போ.” துடுப்பை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

“புரியலன்னு தெரியுதில்ல? அப்ப நான் பாதியில போட்டுட்டுப் போகலன்னு இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்.”