யார் வீட்டுக்கு, மருதை?

சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறார் மருதை. இருபது தடவை அடித்ததும் நிறுத்தி, கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்து, "இன்னும் பசிக்குது இதுக்கு" என்கிறார். பிறகு இன்னும் இருபது. முன்னால் தொங்கும் பிரம்புக்கூடையில் ஈரச் சாக்கு. சாக்குக்குள் அன்று காலையில் தம் மரத்திலேயே பறித்த லிச்சிக் கொத்துகள். பின்னால் கேரியரில் ஒரு துண்டு, ஒரு மாற்று வேட்டி, ஒரு பித்தளைச் சொம்பு. கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறார். காற்சட்டை செயினில் மாட்டாமலிருக்க கணுக்காலில் வாழைநாரால் கட்டு. தலையில் எண்ணெய் வழிகிறது.

லாங் மவுண்டனில் அறுவடை முடிந்து, ஆலைச் சங்கு அந்த வருஷத்துக்குக் கடைசியாக ஊதி ஒரு வாரம் ஆகிறது. வேலியோரம் போகிற ஒவ்வொருவரும் "கொட் கிசன்லா, மருதை?" என்று கேட்கிறார்கள். யார் வீட்டுக்கு என்று அர்த்தம். இந்தத் தீவில் ஒரு மனிதன் குளித்து எண்ணெய் தடவிப் பழக்கூடையோடு கிளம்பினால், அதற்கு ஒரு வீடு இருந்தே ஆகவேண்டும். கல்யாண வீடு, சாவு வீடு, பிள்ளை பிறந்த வீடு, ஏதோ ஒன்று. மருதையோ எல்லாருக்கும் "எங்கயும் இல்ல. சும்மா ப்ரோம்னே" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு மறுபடி காற்றடிக்கிறார். கேட்டவர்கள் பத்தடி தள்ளிப் போய் நின்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.

பேசாமல் எப்படி இருப்பார்கள்? நம் ஊர்க் கிரியோல் பேச்சில் 'ப்ரோம்னே' போவது என்றால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதுதான். உட்கார்ந்து, சாப்பிட்டு, நாலு வம்பு கேட்டுத் திரும்புவது. வீடே இல்லாத ப்ரோம்னேயை யாரும் கண்டதில்லை. மருதைக்கு மலையடிவாரத்தில் மூன்று அர்பான் கரும்பு நிலம் இருக்கிறது, குடியில்லை, சூதில்லை. ஆனால் ஆறு வருஷமாக, கரும்பு வெட்டி முடிந்ததும், நாலு நாள் சைக்கிளோடு காணாமல் போகிறார்.

நான் மோகாவில் சர்வே ஆபீஸ் குமாஸ்தா. மருதையின் மனைவி பாக்கியம் எனக்குத் தூரத்து அக்காள் முறை. போன ஞாயிற்றுக்கிழமை ஆள்விட்டு என்னைக் கூப்பிட்டாள். மகள் காமாட்சியை டிராங்கெபாரில் வீரசாமி மகனுக்குப் பேசியிருந்தார்கள். வீரசாமி துறைமுகத்தில் மூட்டைக்காரர்களுக்கு மேஸ்திரி. தை மாதம் கல்யாணம் என்றிருந்த நிலையில் அங்கிருந்து பேச்சு நின்றுவிட்டது.

"மாஹேபூர் பக்கம் அவருக்கு ஒரு வீடு இருக்குதாம் தம்பி. பிள்ளைகூட உண்டாம். டிராங்கெபார் பூராவும் இதே பேச்சு. வர்ற ஞாயித்துக்கெழம சம்பந்தி வந்து நேர்ல கேக்கப் போறாரு" என்றாள். அழவில்லை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "நானும் ஆறு வருஷமா கேக்குறேன். எங்கயும் இல்லன்னு ஒரு எடம் இருக்குமா? உங்கிட்டயும் சைக்கிள் இருக்குல்ல. கூடப் போய்ப் பாத்துட்டு வா. இருந்தா இருக்குன்னு சொல்லு. காமாட்சிக்காகவாவது எனக்குத் தெரியணும்."

இப்படித்தான் நான் வேவுகாரன் ஆனேன். நானும் வருகிறேன் என்றதும் மருதைக்கு ஒரே சந்தோஷம். "வா தம்பி, வா. தனியா மிதிச்சா முதுகு வலிக்கும்" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

மருதை மெதுவாகத்தான் மிதிக்கிறார். மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போனால் வண்டிக்காரனுக்குக் கையெடுத்துக் கும்பிடு போடுகிறார். மேடு வந்தால் இறங்கித் தள்ளுகிறார். மேட்டின் உச்சியில் நின்று, வந்த வழியையே பார்க்கிறார். அப்படி நின்ற ஓர் இடத்தில்தான் தாம் பிரான்ஸுக்குப் போய்வந்த கதையை எனக்குச் சொன்னார்.

அப்போது அவர் மோகாவில் மிசியே எட்மோன் என்ற வெள்ளைக்கார முதலாளியிடம் குதிரைக்காரர். மிசியேயின் மனைவி செத்துப்போய் வீடு வெறிச்சென்றிருந்தது. ஒரு நாள் மிசியே, "மருதை, பிரான்ஸுக்குப் போகிறோம். அங்கே ப்ரோம்னே" என்றாராம். கப்பலேறி, ரயிலேறி, ஓர் ஊரில் இறங்கி, மிசியே இரண்டு சைக்கிள் வாங்கினார்.

"நான் என்ன நெனைச்சேன்? அவங்க சாதிசனம் எல்லாம் அங்கதானே, யார் வீட்டுக்கோ கூட்டிப்போறாருன்னு நெனைச்சேன். வெறுங்கையோட போகலாமா? கடைத்தெருவுல ஆப்பிள் வாங்கிக் கட்டிக்கிட்டேன். சாயங்காலம் ஒரு சத்திரம். அந்த வீட்டம்மா சூப்பு கொண்டாந்து வெச்சா. நான் ஆப்பிளை நீட்டினேன். அவ மிசியேயைப் பாக்குறா, மிசியே என்னைப் பாக்குறாரு."

மறுநாள் மறுபடி சைக்கிள், மறுபடி இன்னொரு ஊர். மருதை மறுபடி பழம் வாங்கினார். ஒரு வாய்க்கால் ஓரமாகவே மூன்று நாள் போனார்களாம். இரண்டு பக்கமும் ஒசந்த மரங்கள். படகை ஒரு குதிரை கரையிலிருந்து இழுத்துப் போகும். மத்தியானம் மிசியே புல்லில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவார். திராட்சைத் தோட்டங்களில் ஆட்கள் வேலை செய்தார்கள். வேலை ஏவும் சர்தாரையும் காணோம், விசிலையும் காணோம். "இங்க யாருடா ஏவுறதுன்னு எனக்குப் புரியவேயில்ல" என்கிறார் மருதை.

ஏழு வாரம் இப்படியே. மிசியே தொலைந்துபோன ஓர் அண்ணனையோ, தங்கையையோ தேடுகிறார், வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று மருதை தமக்குள் தீர்மானித்துவிட்டார். ஒவ்வொரு சத்திரத்திலும் வீட்டுக்காரர் மூக்கையும் மிசியே மூக்கையும் ஒத்துப் பார்த்தாராம். கடைசி நாள் ரயிலில் பொறுக்கமாட்டாமல், "கிடைக்கவே இல்லையா மிசியே?" என்று கேட்டார். "யார்?" "நாம தேடி வந்தவங்க."

மிசியே இருமல் வரும்வரை சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரும் இல்லை மருதை. சும்மா வந்தோம்" என்றார். சிரிப்பில் வந்த கண்ணீரா, வேறு கண்ணீரா என்று மருதைக்கு இன்றுவரை தெரியாது. ஊர் திரும்பிய மூன்றாம் மாதம் மிசியே இறந்துபோனார். தம் சைக்கிளை மருதைக்கு என்று சொல்லிவைத்திருந்தார்.

"சும்மான்னா என்ன தம்பி?" என்று என்னைக் கேட்டார். நான் கையை விரித்தேன். "எனக்கும் வெளங்கல. அதான் வருஷா வருஷம் போய்ப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தார்.

ஃப்ளாக் போகும் வழியில் ஒரு சிற்றூர். மருதை சட்டென்று ஒரு தகரக்கூரை வீட்டின் முன் இறங்கினார். முற்றத்தில் யொலாந்த் என்ற கிரியோல் பெண் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ஆகா, இதுதான் அந்த வீடு!

மருதை லிச்சிக் கொத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. "நீங்க கொசு ஆபீசா?" என்று கேட்டு, ஓடிப்போய்த் தண்ணீர்ப் பீப்பாயைக் கவிழ்த்துவிட்டாள்.

"இல்ல, இல்ல. ப்ரோம்னே வந்தேன்."

"கொட் கிசன்லா?"

"உங்க வீட்டுக்குத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள், சைக்கிள்களைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். உள்ளே போய் மாமியாரிடம், "ஒரு மதராஸ்காரர் வந்திருக்கார், யாருக்குச் சொந்தம்னு கேளுங்க" என்று கத்தினாள். தமிழர்களை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மாமியாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இருவரும் பெஞ்சைத் துடைத்துப் போட்டு எங்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். மருதை மழையைப் பற்றி விசாரித்தார். கால் மணி நேரத்தில் எழுந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

"அந்தம்மாவை முன்னமே தெரியுமா?" என்று கேட்டேன். "எங்க தெரியும்? கொல்லையில கருவேப்பிலை நல்லா வெச்சிருந்தா, அதான் எறங்கினேன்" என்றார்.

மாஹேபூரில் ஒரு மீன்காரர் வீடு. அங்கேதான் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு குழந்தை ஓடிவந்து மருதையின் காலைக் கட்டிக்கொண்டது! நோட்டில் எழுதியும் விட்டேன். பின்னால் வந்த தாய், "எல்லார் காலையும் இப்படித்தான் புடிப்பான், மன்னிச்சுக்கோங்க" என்றாள். எழுதியதை அடித்தேன். சுவியாக்கில் ஒரு தையல்காரர். கியூர்பிப்பில் ஒரு கிழவர், அவருக்குக் காதும் கேட்காது. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். கூடை காலியாகக் காலியாக, தாண்டி வந்த ஊரில் பழம் வாங்கி அடுத்த ஊரில் கொடுத்தார். மொத்தம் ஏழு வீடு. ஒரு வீடு என்றால் 'ஆமாம்' என்று அக்காளிடம் சொல்லலாம். ஒன்றுமில்லை என்றால் 'இல்லை' என்று சொல்லலாம். ஏழு வீட்டுக்கு என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாங் மவுண்டன் திரும்பினோம். கூடையில் கடைசியாக ஒரு கொத்து லிச்சி இருந்தது. நான் கேட்டதற்கு, "இது அவளுக்கு. நம்ம வீட்டுக்கும் வெறுங்கையோட போகக்கூடாது" என்றார்.

ஆனால் அதைக் கொடுக்க வேளை வாய்க்கவில்லை. வீரசாமி வந்து உட்கார்ந்திருந்தார். அகலமான தோள், கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, முழங்கால்மேல் இரண்டு கைகள். அந்தக் கைகளைத்தான் பாக்கியம் பார்த்துக்கொண்டு நின்றாள். பழமில்லை, வெற்றிலையில்லை, ஒரு முழம் பூகூட இல்லை. சம்பந்தம் பேசிய வீட்டுக்கு ஒருவர் வெறுங்கையோடு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கதவுக்குப் பின்னால் காமாட்சியின் வளையல் ஒருமுறை சத்தம் போட்டு நின்றது.

"சம்பந்தின்னு கூப்பிடலாமான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்" என்றார் வீரசாமி. "நேராவே கேக்குறேன். இந்த நாலு நாளும் கொட் கிசன்லா?"

"எங்கயும் இல்லீங்க" என்றார் மருதை.

வீரசாமி என் பக்கம் திரும்பினார். நான் நோட்டைத் திறந்து ஏழு வீட்டையும் படித்தேன். கொசு ஆபீஸ், கருவேப்பிலை, காலைப் பிடித்த குழந்தை, செவிட்டுக் கிழவர், நாய். படிக்கப் படிக்க எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. பாக்கியம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"ஏழு வீட்லயும் யாரையும் அவருக்குத் தெரியாதா?" என்றார் வீரசாமி என்னிடம்.

"தெரியாது."

"எதுக்குப் போனாரு?"

"அது அவருக்கே தெரியலைங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

வீரசாமி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இருபத்தெட்டு வருஷமா வீட்டுக்கும் துறைக்கும் நடக்குறேன். ஒருத்தர் கூப்பிடாம ஓர் எடத்துக்குப் போனதில்ல நான். எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். பிறகு, ஏதோ நினைவு வந்தவராக, "ஏழு வீட்டுக்கும் பழம் குடுத்தாரா?" என்று என்னைக் கேட்டார்.

"குடுத்தார். நாய் விட்ட வீட்டுக்கு வேலிமேல வெச்சுட்டு வந்தார்."

"முன்பின் தெரியாதவங்க வீட்டுக்கா?"

"ஆமாங்க."

வீரசாமி தம் இரண்டு கைகளையும் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டார். பாக்கியம் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள்.

வேலிக்கு வெளியே சாத்தியிருந்த மருதையின் சைக்கிள் மணி ஒருமுறை அடித்தது. வீரசாமி அங்கே நின்று பிரம்புக்கூடையைத் துழாவிக்கொண்டிருந்தார். பிறகு படலைத் தள்ளிக்கொண்டு, அப்போதுதான் முதல்தடவையாக வருகிறவரைப் போலச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். மருதையின் அந்தக் கடைசி லிச்சிக் கொத்தை இரண்டு கையாலும் ஏந்தி, பாக்கியத்தின் முன்னால் நீட்டினார்.