பார்க்காத கிரகத்துக்குப் பெயிண்ட் அடித்தது

1. உருண்டையாக எதாவது

தாராவியில் எனக்கு ஃபைபர் பட்டறை. துணிக்கடை வாசலில் சேலை கட்டி நிற்கும் பொம்மைகளைச் செய்கிறோம். தலை உள்ளது, தலை இல்லாதது, இடுப்போடு நின்றுவிடுவது என்று எல்லாம் உண்டு. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என் அனுபவத்தைக் கேட்கும்போது இந்த ஒரு வேலையைத்தான் சொல்கிறேன். நான் அதிகமாக அசடு வழிந்தது இதில்தான்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் வைதேகி மேடம் வந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், வானியல் ஆராய்ச்சி செய்பவர். செம்பூரில் ஒரு அறிவியல் கண்காட்சி அமைக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. குடையைச் சுருக்கிக்கொண்டு, தலையில்லாத பொம்மைகளுக்கு நடுவே நிற்க இடம் தேடினார்.

"நீங்க உருண்டையா எதாவது பண்ணியிருக்கேளா?"

"எல்லாம் பண்ணியிருக்கோம் மேடம்."

அதுவரை நான் உருண்டையாகச் செய்தது பொம்மைகளின் மண்டை மட்டும்தான். அதுவும் முட்டை வடிவம்.

அவருக்கு வேண்டியது ஒரு கிரகம். நம் சூரியனைச் சுற்றுவது அல்ல, எங்கோ தூரத்தில் வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றுவது. பூமியைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்கு ஓர் ஆளுயரத்தில் மாடல் செய்ய வேண்டும்.

"போட்டோவ அனுப்பி விடுங்க மேடம். அப்படியே பண்ணிருதேன்."

"போட்டோ கிடையாது. அத யாரும் பாத்ததில்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த நட்சத்திரத்துக்கு முன்னாடி அது கடந்து போறச்சே, நட்சத்திரத்தோட வெளிச்சம் துளியூண்டு குறையறது. திரும்பத் திரும்பக் குறையறது. எவ்வளவு குறையறதுங்கறத வெச்சு அதோட சைஸ் தெரியும். எவ்வளவு நாளுக்கு ஒரு தடவை குறையறதுன்னு பாத்தா, நட்சத்திரத்துலேர்ந்து எவ்வளவு தூரம்னு தெரியும். தண்ணி கொதிச்சுப் போகாம, உறைஞ்சும் போகாம, தண்ணியாவே இருக்கக்கூடிய தூரத்துல இருக்கு. அதுக்குத்தான் இவ்வளவு பேச்சு."

"அப்ப அங்க ஆளுங்க இருக்காங்க."

"நான் அப்படிச் சொல்லலையே. தண்ணி இருக்கான்னே தெரியாது. இருக்கலாம், அவ்வளவுதான். சைஸ் மட்டும் சரியா இருக்கட்டும் பாய். எங்களுக்கு நன்னாத் தெரிஞ்சது அதுதான். கலர் என்னன்னு அப்புறம் சொல்றேன்."

எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினேன். அன்று சாயங்காலம் டீக்கடையில், மனுசன் குடியிருக்கத் தோதான கிரகம் ஒன்று கிடைத்துவிட்டது, அதைச் செய்யும் ஆர்டர் நம்ம பட்டறைக்குத்தான் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து என் மனைவி நூர்ஜகானிடம், "ஒரு உலகத்தையே செய்யப் போறேன்" என்றேன்.

"உலகத்தச் செஞ்சவன் அல்லா. நீங்க பந்து செய்யுதேன்னு சொல்லுங்க" என்றாள்.

2. பந்து

பந்துதானே என்று நினைத்தேன். பொம்மையில் இடுப்பு அரை இஞ்ச் கூடிப்போனால் சேலை மறைத்துவிடும். பந்துக்குச் சேலை கட்ட முடியாது.

இரண்டு பாதியாக மோல்டு எடுத்தோம். ரெசின் பிசினில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கலந்து, ஃபைபர் மேட்டை வைத்துத் தடவினோம். மழை ஈரத்தில் ரெசின் இறுகவே மறுத்தது. நான் அவசரப்பட்டு ஹார்ட்னரைக் கூட்டினேன். பொம்மைக் கையில் அப்படிச் செய்தால் தப்பிக்கலாம். இவ்வளவு பெரிய கிண்ணத்தில் சூடு ஏறி, ஓரமெல்லாம் வளைந்துபோனது. இரண்டையும் இழுத்துச் சேர்த்து, இடைவெளியில் பட்டி போட்டுத் தேய்த்து, நல்லாத்தான் இருக்கிறது என்று மேடத்தைக் கூப்பிட்டேன்.

அவர் பையிலிருந்து டேப்பை எடுத்தார். குறுக்கே அளந்தார். நெடுக்கே அளந்தார்.

"மேலயும் கீழயும் அமுங்கியிருக்கே பாய்."

"சுத்துற கிரகம்லா மேடம். கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும்னு யூட்யூப்ல பாத்தேன்."

"இவ்வளவு அமுங்காது" என்றார். "இது பூசணிக்காய்."

மறுபடி மோல்டு எடுத்தேன். ஹார்ட்னரை அளந்து ஊற்றினேன், ஈரம் போக ஹீட்டர் வைத்தேன், அவசரப்படாமல் பிரித்தேன். இந்த முறை அளந்து பார்த்துவிட்டு மேடம் டேப்பைப் பைக்குள் போட்டார். அதுதான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

3. கலர்

கலர் என்னவென்று மேடம் சொல்லவேயில்லை. கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் பட்டறையில் பெயிண்ட் வேலை முத்துலட்சுமியுடையது. புருவம், உதடு, கண் வரைவதில் அவளுக்கு இணை தாராவியில் இல்லை. இப்போது கடைக்காரர்களெல்லாம் முகமில்லாத வெள்ளைப் பொம்மைதான் கேட்கிறார்கள். அவளுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. இந்த மாதிரி ஆர்டர்கள் நாலைந்து கிடைத்தால் அவளையும் வேலையில் வைத்துக்கொள்ளலாம், பட்டறையும் பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு ஒரு கணக்கு.

மொபைலில் தேடினேன். அந்தக் கிரகத்தின் படம் விதவிதமாக வந்தது. எல்லாம் யாரோ கற்பனையாக வரைந்தது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சின்ன எழுத்தை நான் எந்தக் காகிதத்திலும் படிப்பதில்லை.

"நீலக் கடல் போடு. பச்சையா நிலம். மேல மேகம்" என்றேன்.

"இத யாரு பாய் பாத்தது?"

"நீ போடு யம்மா. பெரிய பெரிய ஆளுங்க பாத்திருக்காங்க."

அவள் போட்டாள். நாலு நாள் வேறு வேலை தொடவில்லை. ஸ்ப்ரே கன்னில் மேகத்தை எப்படி அவ்வளவு மெலிசாக விட்டாளோ தெரியாது. கரையோரம் தண்ணீர் வெளிர்ந்து, நடுக்கடலில் கறுத்து இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு ஆறு போடச் சொன்னேன், அது எங்கள் தாமிரபரணி கடலில் சேருகிற மாதிரியே வந்தது. தாணேயிலிருந்து தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் வந்து பந்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 'மனிதர் வாழும் புதிய கிரகம், தாராவித் தமிழரின் கைவண்ணம்' என்று வாட்ஸப்பில் சுற்றியது. நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்.

அதில் ஒன்று மேடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

பந்தைச் சுற்றி மெதுவாக நடந்தார். முத்துலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"ரொம்ப ரொம்ப அழகா இருக்கு" என்றார் மேடம். "ஆனா இத வெக்க முடியாது."

முத்துலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. தப்பு என்னுடையது என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

"ஏன் மேடம்? சனங்க பாக்க வர்றது அழகாத்தான இருக்கணும்?"

"ஸ்கூல் பசங்க வருவா. இதப் பாத்துட்டு, அங்க கடல் இருக்கு, காடு இருக்கு, நாங்க பாத்துட்டோம்னு நெனச்சுப்பா. அங்க காத்து இருக்கான்னுகூட எங்களுக்குத் தெரியாது. நாங்க பொய் சொன்ன மாதிரி ஆயிடும் பாய்."

"அப்ப சாம்பல் கலர் அடிச்சிருதேன்."

"சாம்பல் அடிச்சா நிலா மாதிரி வெறும் பாறைன்னு ஆயிடும். அதுவும் தெரியாதே."

"வெள்ள?"

"பனிக்கட்டிம்பா."

எனக்குப் பொறுமை போய்விட்டது. கலர் முடிவு செய்யத் தெரியாத துணிக்கடைக்காரர்களிடம் எரிச்சலில் நான் ஒரு வசனம் சொல்வதுண்டு. அதையே அவரிடமும் சொல்லிவிட்டேன்.

"அப்ப மோல்டு கெடக்கு மேடம். நாலு பந்து எடுத்து நாலு கலர் அடிச்சு வைக்கேன். எது புடிக்குதோ அத எடுத்துக்கிடுங்க."

மேடம் என்னையே பார்த்தார். ஆர்டர் போச்சு என்று நினைத்தேன்.

"நாலும் ஒரே சைஸ்ல?" என்று கேட்டார்.

"ஒரே மோல்டுலா. வேற எப்படி வரும்?"

"நாலும் அதே கிரகம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஒண்ணு கடல். ஒண்ணு வெறும் பாறை. ஒண்ணு பூரா பனி. ஒண்ணு பூரா மேகம், உள்ள அடுப்பு மாதிரி சூடு. நாலும் சாத்தியம். எதுன்னு தெரியாது. அப்படியே எழுதி வெச்சுடலாம். பாய், பிரமாதமான யோசனை."

அறிவியலுக்கு நான் செய்த ஒரே தொண்டு இது. திட்டுவதற்காக வாயைத் திறந்தபோது வந்தது. "ஆமா மேடம், அத மனசுல வச்சுத்தான் சொன்னேன்" என்றேன். முத்துலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவள் போட்ட கடல் அப்படியே இருக்கலாம் என்றாகிவிட்டது. தாமிரபரணியை மட்டும் அழிக்க வேண்டியிருந்தது.

4. செம்பூரில்

பனியையும் மேகத்தையும் முத்துலட்சுமி போட்டாள். நேரம் போதாமல் பாறையை நானே போட்டேன். கண்காட்சி திறந்த அன்று நூர்ஜகானையும் அழைத்துக்கொண்டு போய், என் பாறைக் கிரகத்துக்குப் பக்கத்தில் நின்றேன். வந்தவர்களில் ஒருவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இதற்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லையா என்று கேட்டார். நூர்ஜகான் அதை இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பள்ளிப் பிள்ளைகளோடு வந்த ஒரு டீச்சர், என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து என்னையும் விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டார். "இன்மே அஸ்லி கோன்சா ஹை?" என்று கேட்டார். நாலில் எது நிஜம்?

பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். முத்துலட்சுமியின் கடலைக் காட்டிவிடலாம் என்று கை பாதி தூக்கிவிட்டேன். தூரத்தில் மேடம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாலூம் நஹி" என்றேன். "கிஸீகோ பீ நஹி."

யாருக்குமே தெரியாது என்றதும் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நாலு பந்தையும் மறுபடி முதலிலிருந்து சுற்றிப் பார்க்கத் தொடங்கினார்கள். இதுவாகத்தான் இருக்கும், இல்லை அதுதான் என்று அவர்களுக்குள் சண்டை. ஒருத்தி என் பாறைக்காகக் கடைசிவரை வாதாடினாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மரியாதை குறையாது. இந்த வேலையில் நான் கற்ற பாடம் இது. அடுத்த வாரமே அதைக் கடைப்பிடித்தேன். நெருளிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் வந்து, பத்துப் பொம்மை தீபாவளிக்குள் கிடைக்குமா என்று கேட்டார். மழை நிற்கவில்லை, ரெசின் இறுகுவது என் கையில் இல்லை. "தெரியாதுங்க" என்றேன், மேடம் சொல்வதுபோல் நிதானமாக.

அவர் அப்படியே எழுந்து பக்கத்துப் பட்டறைக்குப் போய்விட்டார்.