தரையில் விடாத குட்டி

என் தம்பி பெண்டாட்டியைத் தெருவில் பம்பரம் என்றுதான் சொல்வார்கள். தையல் மெஷினில் உட்கார்ந்தால் கால் ஓடும், எழுந்தால் வாய் ஓடும். சோற்றைக்கூட நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். அப்படிப்பட்டவள் பெற்ற பெண், பதினொரு மாதமாகியும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தாள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். கடையும் வீடும் ஒரே அறை, தரையெல்லாம் குண்டூசி. தொழில் பழகும் வயதில் உடைந்த ஊசி ஒன்று அவள் குதிகாலில் ஏறி, அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பயத்தில் குட்டியைக் கீழேயே விடமாட்டாள். தொட்டில், இடுப்பு, இல்லாவிட்டால் என் மடி.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா ஒரு பிஸ்கட் துணுக்கை மேசையில் வைத்தார். குட்டி உள்ளங்கையால் அள்ளப் பார்த்தாள், வரவில்லை. பொம்மையைத் துணிக்கு அடியில் மறைத்தார். குட்டி தேடவே இல்லை.

"இந்நேரம் ரெண்டு விரலால எடுக்கணும், ஒளிச்சதைத் தேடணும். தரையில விடுங்கம்மா! கையும் காலும் அலைஞ்சாத்தான் மூளைக்கு வேலை. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா பெரிய டாக்டரைப் பாக்கணும்."

அன்றோடு பம்பரத்துக்குத் தூக்கம் போயிற்று. "என் புள்ளைய நானே முடக்கிட்டேனா அண்ணி?" என்று காலர் வைக்கும்போதும் கேட்பாள், பட்டன் கட்டும்போதும் கேட்பாள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"புலம்பினா ஊசி தானா எந்திரிச்சுப் போயிடுமா? பெருக்குடி!"

பெருக்கினாள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மூலை முடுக்கெல்லாம் இழுத்தாள். கொத்துக் கொத்தாக ஊசி வந்தது. மறுபடியும் இழுத்தாள். பிறகுதான் குட்டியை இறக்கிவிட்டாள். முதலில் ஒரே அழுகை. போகப்போக வயிற்றால் நகர்ந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டாள். கை மட்டும் இன்னும் அள்ளத்தான் அள்ளியது. தையலுக்கு ஒருமுறை குட்டியைக் குனிந்து பார்த்ததில் பம்பரம் ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்துவிட்டாள்.

நர்ஸம்மாவிடம் போகவேண்டிய நாளுக்கு முதல்நாள், மெஷின் காலடியில் விளையாடிய குட்டி திடீரென்று சத்தமில்லாமல் ஆனாள். பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் ஏதோ விஷமம் என்று அர்த்தம். எட்டிப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்திருந்தன. நடுவே ஒரு குண்டூசி. பித்தளை. காந்தத்துக்கு அது எங்கே மசியும்? நேரே வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அய்யய்யோ!" பம்பரம் பாய்ந்து பிடுங்கி, கையை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போதும் அண்ணி. இனிமே இவளைக் கீழயே விடமாட்டேன்!"

குட்டி அழவில்லை. தவழ்ந்து அம்மாவைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. "அடி பைத்தியமே, ரெண்டு விரலால எடுத்தாடி! இப்போ தேடுறாடி!"

பம்பரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஊசியை என்னிடம் தள்ளிவிட்டு, வெறுங்கையை மூடிக் குட்டியின் முன்னால் நீட்டினாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"தேடு தங்கம்," என்றாள். "தேடு."